பாசிக்குள் நின்ற கப்பல்

கோவில்பட்டிக்குக் கடல் வந்தது எப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள், ஆனால் எல்லோரும் பொரியில்தான் தொடங்குவார்கள். கரிசல் ஊரில் மீன் என்பது கோயில் தெப்பக்குளத்தில் மட்டும் இருப்பது, அதைப் பார்த்தவர்கள் ஒரு கை பொரி போடாமல் திரும்புவதில்லை, போடாமல் திரும்புகிறவன் நெஞ்சில் ஈரம் இல்லாதவன் என்பது அங்கே யாரும் சொல்லித்தராமலே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆகவே பல் டாக்டர் செண்பகவல்லியின் ஆஸ்பத்திரியில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில், இரண்டு முழ நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றில் உப்புத் தண்ணீரும் ஓட்டை ஓட்டையான பாறையும் பொத்தான் பொத்தானாக விரியும் பவளமும் வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன்கள் இரண்டும் வந்து சேர்ந்த நாளிலிருந்தே, வீங்கிய கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு வந்தவர்கள் மடியில் ஒரு பொட்டலம் பொரியையும் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

தொட்டியை வைத்தவர் டாக்டரின் கணவர் ஆதிநாதன். சரக்குக் கப்பல்களில் இன்ஜினியராக உலகமெல்லாம் சுற்றியவர், நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு இனிமேல் கப்பலேற உடம்பு தாங்காது என்று சொல்லி அனுப்பப்பட்டு, கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டிய ஊரில், மனைவியின் வீட்டு மாடியில் வந்து இறங்கினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் செண்பகவல்லி அவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்ததெல்லாம் லீவு நாட்கள்தான். லீவு முடிந்தால் போய்விடுகிற ஆளுக்குச் சமைக்கத் தெரிந்திருந்தது அவளுக்கு, போகாத ஆளுக்கு என்ன சமைப்பது என்று தெரியவில்லை; அவரும் சாப்பிட்டு எழுந்ததும் யாரோ கூப்பிடப்போகிறார்கள் என்பதுபோல வாசல்பக்கம் போய் நின்றுகொண்டிருப்பார். அவள் கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்கிற மனிதர், சுத்திகரித்த தண்ணீரில் உப்புத்தூளைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றும்போது மட்டும் அதனிடம் முணுமுணுவென்று பேசிக்கொண்டிருந்தார்.

முதலில் மணல்மேல் பழுப்பாகத் தூசி படிந்தது. அப்புறம் பாறையில், பிறந்த கன்றுக்குட்டியின் மயிர்போலப் பச்சையாக ஒரு பொசுபொசுப்பு வந்தது. அது நீண்டது, அசைந்தது, வாரிவிட்ட கூந்தல்போலத் தண்ணீர் போகும் பக்கமெல்லாம் சாய்ந்து நிமிர்ந்தது, பவளத்தின் பொத்தான்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தது. பொரி கரைகிறது, கரைகிறதெல்லாம் பாசிக்குச் சோறு, அதன்மேல் விளக்கு வெளிச்சமும் அதிகம் என்று ஆதிநாதன் விளக்கினார். மீனுக்கு ஒன்றும் போடக்கூடாது என்று முன்மேசையில் டோக்கன் கொடுக்கும் மாரிக்கனி அட்டையில் எழுதி ஒட்டினாள். படித்தவர்கள் எல்லோரும் அது மற்றவர்களுக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். கடலைமிட்டாய்க் கடை எத்திராஜ், பொரியில் சத்து ஏது என்று சொல்லி, தன் கடைச் சரக்கையே பொடித்துப் போட்டுவிட்டுப் போனார். பாசியைத் தின்பதற்கென்று ஆதிநாதன் சென்னையிலிருந்து வரவழைத்த நத்தைகள் பாறைமேல் பாதி தூரம் ஏறி, அங்கேயே ஒட்டிக்கொண்டு தூங்கிப்போயின. நத்தைகள் தூங்கியதைத்தான் முதல் அடையாளமாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஊர் பிற்பாடு சொன்னது.

தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் சுடலைவடிவு கடைவாய்ப்பல் வலியோடு வந்து, டோக்கன் வாங்கி, தொட்டிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பாசி ஆடுவதைப் பார்த்துக்கொண்டே கண்ணயர்ந்தாள். மாரிக்கனி அவள் முறை வந்ததைச் சொல்ல, எழுந்தவளின் இரண்டு கால்களிலும் கணுக்கால் வரை ஈரமணல் ஒட்டியிருந்தது, சேலைக்கரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சுடலைவடிவு குனிந்து பார்த்தாள். "கடலு இம்புட்டுக் கிட்டவா இருக்கு?" என்று கேட்டாள். பிறகு, தரை பாழாகிவிட்டதே என்று வருத்தப்பட்டு, மாரிக்கனியின் கையிலிருந்து விளக்குமாற்றை வாங்கித் தானே கூட்டிவிட்டு, பல் பிடுங்க உள்ளே போனாள்.

மறுநாள் அவள் தன்னோடு குச்சி அடுக்கும் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். யாருக்கும் பல்வலி இல்லை. உட்கார்ந்தார்கள், பாசியைப் பார்த்தார்கள், தலை சாய்ந்தது, எல்லோரும் ஒரே கரையில் இறங்கி ஒரே அலையில் கால் நனைத்துவிட்டு, கந்தக வாடை போன உடம்போடும் உப்பு வாடை ஏறிய தலைமுடியோடும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு ஊரே வந்தது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல நாற்காலிகளில் கர்ச்சீப் விழுந்தது, கர்ச்சீப் விழுந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்ததால் வந்த சண்டைகள் கரையில் போய்த் தீர்ந்தன. அந்தக் கரையில் யாரும் யாரோடும் சண்டை போடவில்லை, பேசக்கூட இல்லை, எல்லோரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வழக்கங்கள் தாமாகவே உண்டாயின. வெறும் வயிற்றோடு போகக்கூடாது. பிள்ளைத்தாய்ச்சி போகக்கூடாது, காற்று ஆகாது. திரும்பி வந்ததும் வாசலில் போட்ட சணல் சாக்கில் காலைத் துடைக்க வேண்டும். தூங்குகிறவரைத் தொட்டு எழுப்பக்கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது, பக்கத்தில் நின்று இரண்டு டம்ளரில் டீயை உயர்த்தி ஆற்றினால் போதும், அந்தச் சத்தம் கேட்டால் எவ்வளவு தூரத்தில் நின்றாலும் ஆள் திரும்பிவிடும்.

ஆடி அமாவாசையன்று ராமேஸ்வரம் போக வசதிப்படாத குடும்பங்கள் எள்ளும் பிண்டமுமாக ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்தன. மந்திரம் சொல்ல வந்தவரும் நடு நாற்காலியில் கையில் தர்ப்பையோடு தூங்கி, கூட்டத்தைக் கரைசேர்த்து, முழுக்காட்டி, தலையில் ஈரத்தோடு அழைத்துவந்தார். தினமும் குவிந்த மணலை என்ன செய்வது என்று மாரிக்கனி திகைத்தபோது எத்திராஜ் கோணிப்பையோடு வந்தார். கடலை வறுக்க மணல் வேண்டும், ஆற்றுமணல் கிடைக்கிற காலமா இது. அந்த மணலில் வறுத்த கடலையில் செய்த மிட்டாய் இனிப்பின் கடைசியில் லேசாக ஒரு கரிப்பு தட்டியது, ஜனங்கள் அந்தக் கரிப்புக்காகவே வாங்கினார்கள், வெளியூர்க் கடைக்காரர்கள் பாகில் உப்புப் போட்டுப் பார்த்துத் தோற்றார்கள். எல்லோரும் போகும்போது நன்றியாக ஒரு கை பொரி போட்டார்கள். பாசி வளர்ந்தது.

செண்பகவல்லிக்கு மட்டும் அந்தக் கடல் வாய்க்கவில்லை. உட்கார்ந்து பார்த்தாள், தூக்கம் வரவில்லை. ஊருக்கெல்லாம் கூந்தலாகத் தெரிந்தது அவளுக்குப் பல்லில் கட்டுகிற காரையாகத்தான் தெரிந்தது. கெட்டியான ஒன்றின் ஓரத்தில் மெத்தென்று எது படிந்தாலும் அதைச் சுரண்ட வேண்டும் என்றே பழகிய கை. ஆனாலும் அவள் அதைச் சுரண்டச் சொல்லவில்லை. கரையிலிருந்து எழுந்து வந்து நாற்காலியில் சாய்கிறவர்களுக்கு ஊசியைக் கண்டால் பயமில்லை, கதறலில்லை, கையைத் தட்டிவிடுவதில்லை. வேலை சுலபமாக இருந்தது. அதனால் அவளும் பார்த்துக்கொண்டு பேசாமலிருந்தாள்.

ஆதிநாதன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து உட்காருவார். மற்றவர்களைப்போலத்தான் முதலில் மணலோடு திரும்பினார். ஒருநாள் முழங்கை வரை கறுப்போடு திரும்பினார். அடுப்படியில் அவள் சோப்புத்தூளை எடுத்துக் கொடுத்தாள்.

"என்னங்க இது கையில?"

"இன்ஜின் ஆயில்."

"எந்த இன்ஜின்?"

"மெயின் இன்ஜின்தான். ஒரு பிஸ்டன் சரியில்ல." கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆள் வேற பத்தல அங்க."

சமீபகாலத்தில் அவர் அவளிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். லீவு முடியும் நாட்களில் மட்டுமே அவள் பார்த்திருந்த ஒரு களை அவர் முகத்தில் இருந்தது. அன்றைக்கு அவள் சாம்பாரில் உப்புப் போட மறந்தாள்.

விஷயத்தை முழுதாகச் சொன்னது சுடலைவடிவுதான். சொல்ல விருப்பமில்லாமல் சொன்னாள். "அண்ணாச்சி கரையில நிக்கிறதில்லம்மா. தூரத்துல கப்பல் ஒண்ணு நிக்கி, நாங்க எல்லாம் பாத்திருக்கோம். வந்ததும் சட்டையக் கழட்டி மணல்ல வச்சிட்டு நீந்திப் போயிருதாக. திரும்ப வரையில கரைய நெருங்க நெருங்க மெதுவா நீந்துதாக."

பாசியை எடுத்துவிடலாம், பவளம் மூச்சுமுட்டிச் சாகிறது என்று செண்பகவல்லி அவரிடம் சொன்னாள். அவர் தொட்டியைப் பார்த்தார், நாளைக்குப் பார்க்கலாம் என்றார். நாளை வந்தது, மத்தியானம் வந்தது, அவர் உட்கார்ந்தார், தூங்கினார். அவரோடு தூங்கியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து காலைத் துடைத்துக்கொண்டு போனார்கள். மாரிக்கனி டீ ஆற்றினாள். நுரை பொங்கப் பொங்க ஆற்றினாள். டீ ஆறிப்போய் ஆடை கட்டியது, வேறு டீ வாங்கிவந்து அதையும் ஆற்றினாள். ஆதிநாதன் எழவில்லை.

பக்கத்துத் தெரு பெரிய டாக்டர் வந்து பார்த்து, நாடி ஒழுங்காக இருக்கிறது, ரத்தக்கொதிப்பு இல்லை, மூச்சில் மட்டும் உப்புக்காற்று அடிக்கிறது என்றார். சாய்ந்து படுக்கத் தோதானது என்று அவரைத் தூக்கிப்போய்ப் பல் பார்க்கும் நாற்காலியில் கிடத்தினார்கள். விபரம் அறிய சுடலைவடிவு ஒருமுறை கரைக்குப் போய் வந்தாள். கப்பல் புகைவிடுகிறது, நங்கூரச் சங்கிலி சுற்றுகிற சத்தம் கேட்கிறது, அண்ணாச்சி மேல்தட்டில் நின்று கையசைக்கிறார், ஆனால் நம்மைப் பார்த்து அல்ல என்று சொன்னாள். சொல்லிவிட்டு டாக்டரின் முகத்தைப் பார்க்காமல் சேலையைப் பிழிந்தாள்.

பாசியை எடுத்துவிடப்போகிறேன் என்று செண்பகவல்லி காத்திருக்கும் அறையில் நின்று சொன்னபோது ஒரு கர்ச்சீப்கூட அசையவில்லை. அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பாசிதான் கயிறு, அதை எடுத்தால் அண்ணாச்சி அந்தப் பக்கமே தங்கிவிடுவார் என்றது ஒரு கட்சி. ஊருக்கே கிடைத்த கடலை ஒரு ஆளுக்காகத் தூர்ப்பதா என்று மனசுக்குள் வைத்திருந்ததும் அந்தக் கட்சிதான், அதை வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் முகமில்லை. ஓரத்தில் ஒரு கைப்பிடி விட்டுவிட்டு மற்றதை எடுக்கலாமே என்று எத்திராஜ் பேரம் பேசினார். கொஞ்சம் விடுவதும் மொத்தமும் விடுவதும் எங்கள் தொழிலில் ஒன்றுதான் என்றாள் செண்பகவல்லி.

"அறுக்காதீக டாக்டரம்மா," என்றாள் சுடலைவடிவு. "அறுத்தா கப்பல் போயிரும். வேரோட இழுங்க, ஒவ்வொரு இழையா. இழுத்தா கிட்ட வரும்."

"கடலு போயிருமே தாயி," என்றார் எத்திராஜ்.

"போகட்டும் அண்ணாச்சி. நமக்கு அது வந்தது. இவுகளுக்கு வரவே இல்லையே."

எத்திராஜ் கொஞ்சநேரம் தொட்டியைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்த பொரிப் பொட்டலத்தை எடுத்து மாரிக்கனியின் மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். மற்றவர்களும் தங்கள் மடியை அவிழ்த்தார்கள். மேசை நிறைந்து, பொரி தரையில் உதிர்ந்தது.

விளக்கை அணைத்துத் தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். வெளிச்சமும் சோறும் இல்லாமல் பாசி சோர்ந்தது. ஆனால் விடவில்லை. செண்பகவல்லி முகக்கவசம் கட்டி, கையுறை மாட்டி, துணியை ஒரு ஓரம் விலக்கி, பஞ்சு எடுக்கும் இடுக்கியால் ஒரு கொத்தைப் பற்றி இழுத்தாள். உள்ளறையில் ஆதிநாதன் முனகினார், அவர் கடைவாயிலிருந்து தண்ணீர் வழிந்தது. மாரிக்கனி தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, கடல் என்றாள். அதற்கு மேல் செண்பகவல்லி கொத்தாக இழுக்கவில்லை. ஒவ்வொரு இழையாக, அடியைத் தேடிப்பிடித்து, பாறையின் துளைக்குள்ளிருந்து நோகாமல் உருவி, உருவிய இடத்தை மெல்லிய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, அழுக்குத் தண்ணீரைக் குழாயால் உறிஞ்சி, புதுத் தண்ணீரில் உப்பைக் கரைத்து ஊற்றினாள். உப்பு எவ்வளவு என்று தெரியாமல் விழித்தவள், அவர் கலக்கும்போது எதிர் அறையில் தன் காதில் விழுந்துகொண்டிருந்த சத்தத்தை நினைத்து, அந்தச் சத்தம் வரும்வரை கலக்கினாள். கரையில் நிற்கலாம் என்று வந்த தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் போகமுடியாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் தூக்கம் வரவில்லை, கப்பல் எங்கே நிற்கிறது என்று சொல்ல ஆளில்லை.

பாறை வெளுத்தது. நத்தைகள் விழித்துக்கொண்டு எதுவும் நடக்காததுபோல மிச்சத் தூரத்தை ஏறின. பவளத்தின் மூடியிருந்த பொத்தான் ஒன்று விளிம்பை நீட்டிப் பார்த்துவிட்டு விரிந்தது. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. தொட்டி சுத்தமாகிவிட்டது. ஆதிநாதன் தூங்கிக்கொண்டிருந்தார்.

கயிறு அறுந்துபோய்விட்டது என்று எல்லோருக்கும் தோன்றியது, செண்பகவல்லிக்கும் தோன்றியது. ஈரக் கையோடு உள்ளே போய் நாற்காலிக்குப் பக்கத்தில், தினமும் உட்காரும் முக்காலியில், உட்காருவதற்கு வேறு இடம் இல்லாததால் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கை தானாக மேல்விளக்கைப் போட்டது, பல் பார்க்கும் கண்ணாடியை எடுத்தது, அவருடைய தாடையைக் கீழே இறக்கியது. ஊரார் வாயையெல்லாம் பார்த்தவள் புருஷன் வாயைத் திறந்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. லீவில் வருகிறவரிடம் யார் பல்லைக் காட்டச் சொல்வார்கள்.

கீழ்வரிசை முன்பற்களின் பின்புறம், நாக்குப் படும் பக்கம், எல்லோருக்கும் காரை கட்டுகிற அதே இடத்தில், பச்சையாக, கெட்டியாக, ஈறுக்குள் வேரிறக்கி நின்றது பாசி. இழைகள் நாக்கின் மேல் படிந்து தொண்டைக்குள் இறங்கி, அங்கே, அவருடைய மூச்சு போகும் பக்கமும் வரும் பக்கமும் அசைந்தன.

"இங்கயா இருக்கு," என்றாள் செண்பகவல்லி, யாரிடமும் அல்ல.

சுடலைவடிவைக் கூப்பிட்டு உறிஞ்சுகுழலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். மின்சாரக் கருவியைத் தொடவில்லை, கைக்கருவியையே எடுத்தாள். முனையை ஈறுக்கும் பாசிக்கும் நடுவே நுழைத்து, மேல்நோக்கி ஒரு இழுப்பு. ஒரு துணுக்கு வந்தது. உறிஞ்சுகுழலில் உப்புத்தண்ணீர் கொடகொடவென்று போனது, அதற்குள் தூரத்தில் ஏதோ கனமான சங்கிலி இரும்பில் உரசுகிற சத்தம் கேட்டது. இன்னொரு இழுப்பு. ரத்தம் கசிந்தது, பஞ்சால் ஒற்றினாள். ஒரு பல்லை முடித்து அடுத்த பல்லுக்குப் போனாள், முடித்ததை மறுபடி தடவிப் பார்த்தாள், வழுவழுப்பு வரும்வரை தடவினாள். எவ்வளவு அவசரம் இருந்தாலும் அந்த வேலையை அவசரமாகச் செய்ய முடியாது, அவசரப்பட்டால் வேர் உள்ளே நின்றுவிடும். ஜன்னல் வெயில் சுவரில் ஏறி மங்கியது. மாரிக்கனி வாசல் கதவைச் சாத்திவிட்டு ஊரை வெளியே உட்காரவைத்தாள். எத்திராஜ் ஒரு டப்பா மிட்டாயோடு வந்து, யாருக்கும் கொடுக்கத் தோன்றாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசித் துணுக்கு மொச்சைப்பயறு அளவு இருந்தது. அதோடு சேர்ந்து, தொண்டைக்குள்ளிருந்து ஒரு நீண்ட பச்சை இழை முழுசாக உருவிக்கொண்டு வந்து, தட்டில் சுருண்டு விழுந்து, கொஞ்சநேரம் அசைந்து, நின்றது.

ஆதிநாதன் இருமினார். எச்சில்கோப்பைப் பக்கம் திரும்பித் துப்பினார், மறுபடி துப்பினார். கண்ணைத் திறந்து மேல்விளக்கைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த இரண்டு கண்களைப் பார்த்தார். புது இடத்தில் கண் விழிக்கிற மனிதர், அதற்குப் பழகிய மனிதர்.

"எந்த போர்ட்டு?" என்று கேட்டார்.

"கோவில்பட்டி."

வரைபடத்தில் தேடுகிறவர்போலக் கொஞ்சம் யோசித்தார். சுடலைவடிவு உறிஞ்சுகுழலைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எத்தன நாள் நிக்கும்?"

செண்பகவல்லி கருவியைத் தட்டில் வைத்தாள். கையுறையைக் கழற்றினாள். ஒரு விரலால் அவருடைய கீழுதட்டோரம் இருந்த ரத்தத்தைத் துடைத்தாள்.

"சரக்கு நெறைய இருக்கு," என்றாள். "இறக்கி முடிய நாளாகும்."

"அப்ப இறங்கலாம்," என்றார் ஆதிநாதன், நாற்காலியிலிருந்து காலைத் தொங்கவிட்டு, தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று பெருவிரலால் தடவிப் பார்த்தபடி.